இடியின் தன்னிலை விளக்கம்

என் அத்தான் முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சட்டமன்ற உறுப்பினர். அத்தனை வருஷத்தில் அவர் சபையில் பேசிய பேச்சையெல்லாம் திரட்டினால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். குச்சிகளை வெளியே எடுக்கக்கூட வேண்டாம். அவர் பேசுகிறவர் இல்லை. தட்டுகிறவர்.

சபையில் தங்கள் கட்சிக்காரர் நன்றாகப் பேசினால் கை தட்டக் கூடாது, முன்னால் இருக்கும் மேஜையைத்தான் தட்ட வேண்டும். மற்றவர்கள் தட்டினால் மேஜைச் சத்தம் கேட்கும். அத்தான் தட்டினால் எதிர்வரிசைத் தலைவரின் மூக்குக்கண்ணாடி மூக்கை விட்டு இறங்கி மீசையில் நிற்கும். தண்ணீர் டம்ளர்கள் கட்சி மாறும். கூட்டத்தொடர் முடிந்ததும் அந்த ஒரு மேஜைக்காகவே தச்சர் வருவார். வந்து தடவிப் பார்த்துவிட்டு, "மேஜையை மாத்தறதா, மெம்பரை மாத்தறதா?" என்று கேட்பார்.

இதெல்லாம் நான் கண்ணால் கண்டது. அதே சபையின் நடுவில் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்து, சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்தவன் நான். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது, அதுதான் வேலை. காலமெல்லாம் அப்படி வாயைக் கட்டி இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் இப்போது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், பட்டினி கிடந்தவன் இரண்டாம் முறை சோறு கேட்கிறான் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சபையில் அவருக்குப் பெயர் இடி. அமைச்சர்களுக்கு உரை எழுதித் தருகிறவர்கள் ஓரத்தில் 'இங்கே இடி' என்று குறித்துவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போவார்கள் என்று சொல்வதுண்டு. சொன்னது நான்தான். ஆனால் இது மட்டும் நிஜம்: தட்டுவதற்கு அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. குரல் ஏற வேண்டும், ஓரிடத்தில் நிற்க வேண்டும், பேசுகிறவர் மூச்சு வாங்க வேண்டும். கை தானாகப் போய் விழும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆள் முழுக்க ஓய்வில் இருப்பார். கை மட்டும் டூட்டி பார்க்கும். அவர் தட்டினால் பின்வரிசை முழுக்கத் தட்டும். இடி விழுந்த பிறகு மழை வருவதுபோல.

இப்படிப்பட்டவர் எப்படி ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை என்று கேட்டால், அதற்குக் காரணம் என் அக்கா. எங்கள் ஊர் பாலத்தடி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் முதல் அழுகை அழுதவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். அத்தான் ஓட்டுக் கேட்டுப் போனால் உள்ளேயிருந்து, "யாரு, நர்ஸம்மா வீட்டுக்காரரா?" என்று குரல் வரும். அப்புறம்தான் கதவு திறக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தக் கதவு திறந்தது. அதை அவர் தன் செல்வாக்கு என்று நம்பினார். நாங்களும் நம்பவிட்டோம். வீட்டில் ஒரு மனிதர் சந்தோஷமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்குச் சபையில் சுகாதாரத் துறை விவாதம். நான் அக்கா வீட்டுக் கூடத்தில் அவளோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மதியம் தாண்டி, சாப்பாடு வேலை செய்கிற நேரம். அமைச்சர் செலவைக் குறைப்பதைப் பற்றி ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே வந்தார். சிறிய மருத்துவமனைகளை மூடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தலைமை மருத்துவமனையோடு இணைப்பது என்று முடிவு. ஒவ்வொரு பெயராகச் சொன்னார். குரல் ஏறியது. கடைசியாக, "பாலத்தடி மகப்பேறு மருத்துவமனையும் இந்த மாத இறுதியோடு..." என்று நிறுத்தி, தண்ணீர் குடித்தார்.

தட்டினார் அத்தான்.

நான் கேட்ட இடிகளிலேயே பெரிய இடி அது. இதில் ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை. பின்வரிசை முழுக்கத் தட்டியது. அமைச்சரே ஒரு கணம் டம்ளரோடு திகைத்துவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அந்தத் தொகுதி உறுப்பினரே வரவேற்கிறார். இதைவிட எங்களுக்கு என்ன சான்று வேண்டும்?" கேமரா அத்தான் முகத்துக்குப் போனது. தன்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. பெரிய மனுஷத்தனமாகத் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.

அக்காவின் கையில் பாதி மடித்த துண்டு அப்படியே நின்றது.

"தம்பி, என்னடா பண்றார் இந்த மனுஷன்?"

"தட்டறார்க்கா."

"எதுக்கு?"

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு டிவியைப் பார்க்க முடியவில்லை, அவளைப் பார்க்க முடியவில்லை. நடுவில் இருந்த ஜன்னலைப் பார்த்தேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றவே அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அக்கா தண்ணீர் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேட்டுட்டுத் தட்டினீங்களா, கேக்காமத் தட்டினீங்களா?"

"இதெல்லாம் கட்சி முடிவு. உனக்குப் புரியாது."

"நான் கட்சியைப் பத்திக் கேக்கல. உங்க காதைப் பத்திக் கேட்டேன்."

அத்தான் தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "கேட்டுட்டுத்தான் தட்டினேன்."

பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். அன்று இரண்டு காதும் பழுத்த மிளகாய். அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. கேட்டுத் தட்டினேன் என்றால் துரோகி. கேட்காமல் தட்டினேன் என்றால், பின்னே இத்தனை வருஷமாக அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்ற கேள்வி வரும். துரோகி என்றாலாவது அவன் ஒரு ஆள். அத்தான் துரோகியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டாள். மறுசோறு கேட்கிறாரா என்று பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கட்சிக் கொறடாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸுகளும் ஆயாக்களும் வாசலில் தர்ணா உட்காரப் போகிறார்கள், துணியில் எழுதிக்கூட வைத்துவிட்டார்கள், போய்ச் சமாதானம் பண்ணுங்கள் என்று. அத்தான் என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீயும் வா. நீ எதையாவது அளந்து விட்டா சிரிச்சுட்டுக் கலைஞ்சு போயிடுவாங்க."

காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "சபையை விட்டு வெளில வந்தேனா, எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் கையைப் புடிச்சுக் குலுக்கறான். 'பெரிய மனசுய்யா உனக்கு, பொண்டாட்டி வேலை பாத்த ஆஸ்பத்திரியை மூடறதுக்கே தட்டறே'ங்கறான். அப்பத்தான் மச்சான் எனக்கே தெரியும்."

"அக்காகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே அத்தான்."

"எப்படிச் சொல்றது? சொல்லிப் பாரு, நாக்கு வருதான்னு."

ஆஸ்பத்திரி வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் முதலில் நூறு என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தக் கதையில் வேண்டாம். முன்னால் நின்றவள் கர்னல். எல்லோரும் கூப்பிடுகிற பெயர் அப்படி, வேலை ஆயா. அந்தக் கேட்டைத் தாண்டி அவள் அனுமதி இல்லாமல் பிரசவ வலியே உள்ளே போக முடியாது. அக்காவிடம் வேலை பழகியவள். திட்டப் போகிறாள் என்று நான் ஒரு கால் பின்னுக்கு வைத்தேன். அவள் சிரித்தாள்.

"வாங்கண்ணே. மூடறோம்னு அந்த ஆளு வாசிச்சதும் எங்களுக்கு உசிரே போயிடுச்சு. அப்புறம் நீங்களே தட்டறீங்க. அதைப் பாத்ததும்தான் உசிரு வந்துச்சு. நர்ஸம்மா வீட்டுக்காரரு சும்மா தட்டுவாரா? இதைவிடப் பெருசா ஏதோ வருது, அதான் தட்டறாருன்னு இவளுங்ககிட்டச் சொன்னேன். இவளுங்க நம்ப மாட்டேங்கறாளுக. நீங்களே சொல்லுங்க."

அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அத்தானும் நல்ல மனிதர்தான். ஆனால் அத்தனை முகமும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆமா," என்றார். "வருது."

"எங்கண்ணே?"

"இங்கதான். இதே இடத்துல. மாடி வச்சு."

"மாடின்னா வயித்துப் பிள்ளைக்காரி படியேற முடியாதேண்ணே. லிஃப்டு உண்டா?"

"லிஃப்டும்தான்."

அளப்பதில் என்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்று திமிரோடு திரிந்தவன் நான். அந்த லிஃப்ட்டைக் கேட்டதும் என் உடம்பு கூசியது. நான் அளந்தது எதிலும் யாரும் ஏறி நின்றதில்லை.

அவர்கள் துணியைச் சுருட்டிவிட்டார்கள். மர பெஞ்சில் நிறைமாதத்தை நெருங்கிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. அந்த அம்மா எழுந்து வந்து கேட்டாள். "ஐயா, இவளுக்கு அடுத்த மாசம். ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பேரைப் பதிஞ்சு வைன்னாங்க. ரெண்டு பஸ்சு மாறணும். அப்ப அது வேணாம்ல?"

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வேணாம்."

நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் அக்கா நின்றாள். கர்னல் சந்தோஷம் தாங்காமல் போன் பண்ணிவிட்டாள் போலிருக்கிறது.

"லிஃப்டு வருதாமே," என்றாள்.

அத்தான் படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க. தெருவுல வச்சு நான் பேச மாட்டேன்." உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். "சாப்பிட்டா தூக்கம் வரும், வயசாச்சு, அது தப்பில்ல. மூடறதும் உங்க கையில இல்ல. தட்டினாலும் மூடுவான், தட்டாட்டியும் மூடுவான். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட 'வேணாம்'னீங்களே. அவ வலி எடுத்து வந்து பூட்டின கேட்டு முன்னாடி நிப்பாளே. அப்ப எந்த லிஃப்டுல ஏத்தப் போறீங்க?"

"நான் என்ன பண்ணட்டும்?"

"முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கேட்டீங்களா, கேக்கலையா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. அப்புறம் சொன்னார். "கேக்கல."

"எத்தனை வருஷமா?"

 நான் குனிந்து, கசங்காத சட்டையைச் சரிசெய்தேன். நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அந்த வீட்டில் அப்போது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், சபையில எழுந்து நம்ம தரப்பைச் சொல்றதுக்கு ஏதோ ஒண்ணு உண்டே. என்னமோ விளக்கம்."

"தன்னிலை விளக்கம் அத்தான். யாராவது நம்ம மேல தப்பா ஒண்ணு சொல்லிட்டா, எழுந்து இதான் நடந்ததுன்னு சொல்லலாம்."

"அதைச் சொல்லிடறேன். எல்லாருக்கும் முன்னாடி. நாளைக்கே."

கர்னலிடம் போய்ச் சொல்வதைவிட ஊர் உலகத்துக்குச் சொல்வது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. அரசியல்வாதிகளுக்கு அப்படித்தான் போலிருக்கிறது. அக்கா, "எங்க வேணா சொல்லுங்க. சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் டிவி முன்னால் மறுபடியும் நாங்கள் இருவர். கேள்வி நேரம் முடிந்ததும் அத்தான் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்துச் சபையே திரும்பியது. கதவுப் பக்கம் போகிறாரோ என்று வழிவிட்டார் பக்கத்து இருக்கைக்காரர்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, ஒரு தன்னிலை விளக்கம்."

சபாநாயகர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "உறுப்பினர் மேல யார் என்ன குற்றம் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்ப எதுக்கு விளக்கம்? முந்தாநாள் அமைச்சரே உங்களைப் பாராட்டிப் பேசினாரே."

"அந்தப் பாராட்டு மேலதான் விளக்கம்."

சிரிப்பு. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. சபாநாயகரும் சிரித்துவிட்டு, "பாராட்டுக்கு விளக்கம் குடுக்க விதியில இடமில்லை. உக்காருங்க," என்றார்.

அத்தான் உட்காரவில்லை. முன்வரிசையிலிருந்து கொறடா திரும்பி, உட்காரும்படி சாடை காட்டினார். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மைக்கில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. அத்தானுக்கு அது தெரியவில்லை. அவர் எப்போது மைக்கைப் பார்த்தார்? பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

"என்னடா சொல்றார்?" என்றாள் அக்கா.

சபையில் கூச்சல் எழும்போது நாங்கள் காதை விட்டுவிட்டு வாயைப் பார்த்துத்தான் எழுதுவோம். அந்தப் பழக்கம் கண்ணில் இன்னும் இருந்தது. அவர் உதட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"'அமைச்சர் என்ன சொன்னார்னு நான் கேக்கலை. நிறுத்தினார், தட்டினேன்'ங்கறார்."

"ம்."

"'நான் தட்டினது முக்காவாசி அப்படித்தான்'ங்கறார்."

"முக்காவாசின்னா சொல்றார்?"

"ஆமாக்கா."

"அங்கயும் குறைச்சுத்தான் சொல்றார். அப்புறம்?"

"'அது என் சம்சாரம் வேலை பாத்த ஆஸ்பத்திரி'ங்கறார்." அதோடு அவர் வாய் நின்றது. "உக்காந்துட்டார்க்கா."

கேமரா ஏற்கெனவே வேறு ஒருவரிடம் போயிருந்தது. சாலைகள் பற்றிய மசோதா. அக்கா டிவியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அவர் எடுக்கும்வரை விடாமல் அடித்தாள்.

"பாத்தேன். மைக் இல்லாம சொன்னது சொன்னதா ஆகாது. யார்கிட்டப் பொய் சொன்னீங்களோ அவங்ககிட்டச் சொல்லணும். நேரா ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்க. நான் அங்க இருப்பேன்."

மதியம் தாண்டி அவர் கார் வந்தது. அதுவரை கர்னல் அக்காவிடம் லிஃப்ட்டை எந்த மூலையில் வைக்கலாம் என்று யோசனை கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா, "அவர் வரட்டும்," என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. நிறைமாதப் பெண்ணும் அவள் அம்மாவும் பரிசோதனைக்கு வந்துவிட்டு அதே பெஞ்சில் இருந்தார்கள்.

அத்தான் கட்சிக்காரர் யாரையும் கூட்டி வரவில்லை. இறங்கியதும் அக்காவைப் பார்த்தார். அவள் பார்வையாலேயே கர்னலைக் காட்டினாள்.

"நேத்து நான் சொன்னது பொய்மா," என்றார் அத்தான். "மாடி கிடையாது."

கர்னலுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "லிஃப்டு?"

"ஒண்ணும் கிடையாது. மாசக் கடைசில பூட்டிடுவாங்க."

"அப்ப எதுக்குண்ணே தட்டினீங்க?"

"அவர் என்ன வாசிச்சார்னு நான் கேக்கலை. தூங்கிட்டு இருந்தேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கர்னல் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள், புது ஆளைப் பார்ப்பதுபோல. "தூங்கிட்டா," என்றாள். அவ்வளவுதான்.

பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "எந்திரி. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில பேர் பதியற நேரம் முடிஞ்சிடும். பஸ்சு இருக்கா பாப்போம்." மகளை மெதுவாக எழுப்பி நடத்தினாள். கேட்டருகே அத்தானைத் தாண்டும்போது, தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி, மகளை மறுபக்கமாக மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள்.

"கார்ல கொண்டு விடறேம்மா," என்றார் அத்தான், அவள் முதுகைப் பார்த்து.

"வேணாங்கய்யா."

உள்ளேயிருந்து சுருட்டிய துணியை எடுத்து வந்தார்கள். ஒரு முனையைக் கர்னல் கட்டினாள், மறுமுனையை ஒரு நர்ஸ் பிடித்தாள். விரிப்பைப் போட்டார்கள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அத்தான் விரிப்பின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நானும் உக்காரட்டுமா?"

"உங்க இஷ்டம்ணே," என்றாள் கர்னல், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க தொகுதி."

ஒருவரும் நகரவில்லை. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அவள் நகர்ந்து அதைப் பெரிதாக்கியிருக்கலாம். நானாவது, "வாங்க அத்தான்" என்று சொல்லியிருக்கலாம்.  அவர் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு, விரிப்புக்கு வெளியே, மண்ணில் உட்கார்ந்தார்.